விசுவாசத்தினாலே போராடுவது என்றால் கையில் எதைப் பிடிப்பது? நியாயாதிபதிகள் 7, வேதபாடத் தயாரிப்பு

[1] மாலைத்தியானம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் கூட்டத்துக்கு நான்கு வாரப் பாடம் தயாராகிறது. வாரத்துக்கு 40 நிமிஷம். பொருள்: சொந்தப் பலத்தை நம்பாமல் கர்த்தரை நம்பிப் போராடுதல். பகுதி: மீதியானியரை வென்ற கிதியோன், நியாயாதிபதிகள் 6 முதல் 8 வரை.

இரண்டு இடத்தில் சிக்கல்.

ஒன்று, "உன்னால் ஆகாது, கர்த்தரை விசுவாசி" என்று சொன்னவுடன் பிள்ளைகள் கேட்கப்போகிற கேள்வி இதுதான்: "சரி, நாளைக் காலையில் எழுந்து நான் என்ன செய்யணும்?" இதற்கு "ஜெபம் பண்ணு, வேதம் வாசி" என்ற பதில் பத்தாது. அதை ஏற்கெனவே செய்துகொண்டே விழுகிறவர்கள்தான் கேட்கிறார்கள்.

இரண்டு, கிதியோனின் படையில் கடைசியாக மீந்த, தண்ணீரை நக்கிக் குடித்த 300 பேர். அவர்கள் விழிப்பான வீரர்கள், அதனால்தான் தெரிந்துகொள்ளப்பட்டார்கள் என்று பல பிரசங்கங்களில் விளக்கம் வருகிறது. அப்படியானால் மனுஷ பலத்தைச் சலித்தெடுத்த கதையாகிவிடுகிறதே? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

[2] பாளை_வாசகர்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். 7:2-ஐ வாசியுங்கள். ஆட்களைக் குறைக்கும் முன்பே காரணம் சொல்லியாகிவிட்டது: "என் கை என்னை ரட்சித்தது" என்று இஸ்ரவேல் வீம்பு பேச இடமாகிவிடும். திறமைசாலிகள் வேண்டும் என்று அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை.

பலகையில் கணக்கு எழுதிக் காட்டுங்கள். முதலில் 32,000 பேர். பயமுள்ளவன் திரும்பிப் போகலாம் என்றதும் 22,000 பேர் போய்விட்டார்கள். மீதி 10,000. தண்ணீரண்டையில் 9,700 பேர் கழிந்து 300 பேர். எதிரியின் தொகை 8:10-ல்தான் வருகிறது: விழுந்தவர்கள் 1,20,000, மீந்தவர்கள் 15,000. மொத்தம் 1,35,000. இப்போது வகுத்துப் பாருங்கள். 32,000 பேராக நின்றிருந்தால் ஆளுக்கு நாலு பேர் சொச்சம். நாலு பேரை ஒருவன் சமாளித்தான் என்று ஊரில் போய்ச் சொன்னால் நம்புவார்கள். 300 பேர் என்றால் ஆளுக்கு 450. அதை எந்தத் திண்ணையில் உட்கார்ந்து தன் பெருமையாகச் சொல்ல முடியும்?

பயந்தவர்களை அனுப்பியதும் புது ஏற்பாடு இல்லை. உபாகமம் 20:8-ல் யுத்தத்துக்கான நியாயப்பிரமாணமே அது. அவர்கள் பாளயமிறங்கிய ஊற்றின் பெயர் ஆரோத். எபிரெயத்தில் "நடுங்கு" என்ற வேரிலிருந்து வந்த பெயர். நடுக்கம் என்னும் ஊற்றண்டையில் நின்றுகொண்டு "நடுங்குகிறவன் போகட்டும்" என்று சொல்லப்படுகிறது. மூலத்தில் இந்தச் சொல்விளையாட்டு பளிச்சென்று தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்று 7:20-ல் இருக்கிறது, பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பானைகளை உடைத்தபின், அவற்றுக்குள் இருந்த தீவட்டி இடதுகையில், எக்காளம் வலதுகையில். இரண்டு கையும் நிரம்பிவிட்டது. "கர்த்தருடைய பட்டயம், கிதியோனுடைய பட்டயம்" என்று சத்தமிடுகிறார்கள், ஆனால் பட்டயம் பிடிக்கக் கை காலியில்லை. அன்றிரவு வேலை செய்த பட்டயம் மீதியானியருடைய பட்டயமே. 7:22-ன்படி அது ஒருவர்மேல் ஒருவர் ஓங்கப்பட்டது. 300 பேர் செய்தது, அதற்கு முந்தின வசனமான 7:21-ல் இருக்கிறபடி, பாளயத்தைச் சுற்றி அவரவர் இடத்தில் நின்றது.

[3] சீயோன்_மதில்

பாளை ஐயா, ஒரு மறுப்பு. முழங்கால் ஊன்றிக் குனிந்தவன் எதிரியைப் பார்க்க முடியாது. கையால் அள்ளி வாயருகே கொண்டுபோனவன் தலை நிமிர்ந்திருப்பான். விழிப்பு என்ற விளக்கம் தப்பு என்று சொல்லிவிட முடியுமா?

[4] பாளை_வாசகர்

தம்பி, அவர்கள் விழிப்பாகவே இருந்திருக்கட்டும். 300 விழிப்பான ஆட்களால் 1,35,000 பேரை என்ன செய்ய முடியும்? அந்த விளக்கம் சரியாகவே இருந்தாலும் வெற்றிக்குக் காரணமாக அதை வைக்க முடியாது, அவ்வளவுதான் என் வாதம். வசனம் சொல்லாத காரணத்தைப் பாடத்தின் மையமாக வைத்தால் பிள்ளைகள் "நானும் அந்த 300-ல் ஒருவனாக வேண்டும், இன்னும் கூர்மையாக வேண்டும்" என்ற தீர்மானத்தோடு வீட்டுக்குப் போவார்கள். மறுபடியும் சொந்தப் பலம்தான் வந்து உட்காரும்.

[5] விடியற்கால_ஜெபம்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நாலு வாரம் எதற்கு? யாத்திராகமம் 14:14 போதுமே. "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்." நாம் கையை எடுத்தால் அவர் கையை வைப்பார். முறை, திட்டம், அட்டவணை என்று போனாலே அது மாம்சம்.

[6] பாளை_வாசகர்

சகோதரரே, அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். 14:15: "நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லு." சமுத்திரத்தைப் பிளந்தவர் கர்த்தர். அதற்குள் இறங்கி நடந்தவை மனுஷருடைய கால்கள். 14-ம் வசனத்தில் "சும்மாயிருங்கள்" என்பது பயத்தில் கூச்சலிட்டு, எகிப்தியருக்கு வேலைசெய்வதே நலம் என்றவர்களுக்குச் சொன்னது.

[7] கிரேக்கப்பலகை

இந்த விவாதம் சபையில் பழையது. 1875-ல் இங்கிலாந்தின் கெஸ்விக் என்ற ஊரில் தொடங்கிய கூடுகைகள் "முயற்சியை விடு, முழுமையாய் ஒப்புக்கொடு, அவர் உன்னில் ஜெயிப்பார்" என்ற பாணியில் போதித்தன. இரண்டு வருஷத்துக்குள், 1877-ல், பின்னாளில் லிவர்பூலின் முதல் பேராயராக வந்த ஜே.சி. ரைல் அதை எதிர்த்து எழுதினார்: புதிய ஏற்பாடு விசுவாசியை ஓடுகிறவன், மல்லுக்கட்டுகிறவன், போர்ச்சேவகன் என்று அழைக்கும்போது பரிசுத்தமாகுதலில் பிரயாசமே இல்லை என்று எப்படிச் சொல்வது என்பது அவர் வாதத்தின் சாரம். அதே கெஸ்விக் ஆதரவோடு புறப்பட்டவர்தான் 1895-ல் இந்தியாவுக்கு வந்து நம் டோனாவூரில் உழைத்த ஏமி கார்மைக்கேல். அங்கே குழந்தைகளை மீட்டு, இரவும் பகலும் வளர்த்த வேலையைப் பார்த்தால், இளைப்பாறுதல் என்று அவர்கள் சொன்னது சோம்பல் இல்லை என்று புரியும். ஆனால் அந்தப் போதனை கைமாறிக் கைமாறிச் சிறு துண்டுப்பிரதியளவுக்குச் சுருங்கும்போது "நீ ஒன்றும் செய்யாதே" என்றாகிவிடுகிறது. அங்கேதான் கோளாறு.

இனி என் பகுதி. எபேசியர் 6:10-ல் "கர்த்தரிலும் அவருடைய சத்துவத்தின் வல்லமையிலும் பலப்படுங்கள்" என்று வருகிறது. மூலத்தில் "எந்துனமூஸ்தே". செயப்பாட்டு வடிவம் உள்ள கட்டளை. உன் பலத்தைத் திரட்டு என்பதற்குப் பதிலாக, பலத்தைப் பெறு என்ற பொருள். நம் பழைய மொழிபெயர்ப்பு இதை அழகாகப் பிடித்திருக்கிறது: "பலப்படு" என்கிறது, "பலப்படுத்திக்கொள்" என்று சொல்லவில்லை. படு, படுத்து என்ற இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே முதல் வாரத்தை நடத்திவிடலாம். நனைவது போல, வெயில் படுவது போல, வெளியிலிருந்து வந்து நம்மேல் படுவது. ஆனாலும் அது கட்டளை. வெயில் பட வேண்டுமானால் நிழலைவிட்டு வெளியே வர வேண்டும். 2 தீமோத்தேயு 2:1-லும் இதே வினை, "கிருபையில் பலப்படு". ரோமர் 4:20-ல் ஆபிரகாமைப் பற்றியும் இதே வினைதான், அங்கே "விசுவாசத்தில் வல்லவனானான்" என்று தமிழில் இருக்கிறது.

ரோமர் 8:13-ஐ இதற்குப் பக்கத்தில் வையுங்கள். "ஆவியினாலே சரீரத்தின் செய்கைகளை அழித்தால் பிழைப்பீர்கள்." எழுவாய் யார்? நீங்கள். எதினாலே? ஆவியினாலே. ஜான் ஓவன் என்ற ஆங்கிலப் பியூரிட்டன் போதகர் 1656-ல் இந்த ஒரே வசனத்தை வைத்து ஒரு நூலே எழுதினார். ஆவியானவரை எடுத்துவிட்டு நாமே அழிக்கப் பார்த்தால் சுயநீதி, நம்மை எடுத்துவிட்டால் அலட்சியம். விடியற்கால சகோதரரும் அவர் பயப்படுகிற அட்டவணைக்காரரும் இந்த வசனத்தில் பாதியைத்தான் ஆளுக்கொன்றாகப் பிடித்திருக்கிறார்கள்.

[8] விடியற்கால_ஜெபம்

"படு", "படுத்து" விளக்கம் நன்றாக இருக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த "நிழலைவிட்டு வெளியே வருவது" எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதுதானே மாலைத்தியானம் கேட்டதும்.

[9] துணைக்கரம்

அதை நான் எழுதப் பார்க்கிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப விழுகிற ஒரே பாவம் என்று எடுத்துக்கொள்வோம்: ஆபாசப் படமோ, கோபச் சொல்லோ, பொய்யோ.

முதலில் தீர்மானத்தின் வாசகத்தைப் பாருங்கள். "இனி ஒருநாளும் செய்ய மாட்டேன்." இதில் ஆள் நான், காலம் ஆயுள் முழுவதும், உதவி யாருமில்லை. பேதுருவின் வாசகமும் இதே அச்சுதான்: மற்ற எல்லாரும் இடறலடைந்தாலும் நான் மாட்டேன் (மத்தேயு 26:33). சேவல் கூவும்வரைகூட அது நிற்கவில்லை. இதற்குப் பதிலாக எழுத வேண்டியது இந்த மாதிரி: "கர்த்தாவே, இன்று இரவு பத்து மணிக்குமேல் நான் பலவீனன். போனை ஹாலில் வைக்கிறேன். என்னைத் தாங்கும்." ஆயுள் எங்கே, ஓரிரவு எங்கே. மன்னாவும் அன்றன்றைக்குத்தான், மறுநாளுக்கு வைத்தது புழுத்து நாறியது (யாத்திராகமம் 16:20).

அடுத்து ஒரு வாரம் குறிப்பு. ஒரு தாளில் மூன்று கட்டம்: மணி, இடம், அதற்கு முந்தின அரை மணி நேரத்தில் நடந்தது. பாவத்தை விவரித்து எழுத வேண்டாம், அது மறுபடி கிளறும். ஏழு நாள் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மணி, ஒரே அறை, ஒரே மனநிலை வந்து நிற்கும். மூன்றாவது கட்டத்தில் பசி, கோபம், தனிமை, களைப்பு இவற்றில் ஒன்று இருக்கும். எலியா சூரைச்செடியின்கீழ் சாக விரும்பியபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் கொடுத்தான் (1 இராஜாக்கள் 19:5-8). ஓரேபில் மெல்லிய சத்தம் அதற்கப்புறம்தான். நாலு மணி நேரம் தூங்கிவிட்டு ஆவிக்குரிய போராட்டம் என்று சொல்கிறவர்கள் முதலில் தூங்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு வசனம். பத்து வேண்டாம். அந்தப் பாவம் சொல்கிற பொய் எது என்று கண்டுபிடித்து, அதற்குப் பதில் சொல்கிற ஒன்று. "உன்னைக் கவனிக்க யாருமில்லை" என்பது பொய்யானால் அதற்கான வசனம் வேறு, "இந்த ஒரு தடவைதான்" என்பது பொய்யானால் வேறு. வனாந்தரத்தில் இயேசு மூன்று சோதனைக்கும் சொன்ன மூன்று பதிலும் உபாகமத்தின் 6, 8 ஆகிய இரண்டே அதிகாரங்களிலிருந்து வந்தவை. குத்துமதிப்பாக எடுத்தவையல்ல, ஒவ்வொன்றும் அந்தந்தச் சோதனைக்கு நேர் பதில். 399-ல் மறைந்த எவாகிரியுஸ் என்ற எகிப்திய வனாந்தரத் துறவி எட்டுவகைத் தீய நினைவுகளுக்கும் தனித்தனியே பதில் வசனங்களைத் தொகுத்து வைத்திருந்தார். வேலைக்கு ஆகிற பழக்கம் அது.

நான்காவது, சோதனை வந்த அந்த நிமிஷம். நீண்ட ஜெபம் அப்போது வராது. யோவான் காசியன் எகிப்தின் துறவிகளிடம் கற்று எழுதிவைத்தது சங்கீதம் 70:1: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." ஒரே மூச்சில் சொல்லலாம். வாய்விட்டுச் சொல்லுங்கள், மனதுக்குள் வேண்டாம். சொல்லிக்கொண்டே எழுந்து அந்த இடத்தைவிட்டு நடங்கள். 1 கொரிந்தியர் 10:13-ல் சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் "போக்கையும்" உண்டாக்குவார் என்று இருக்கிறது. போக்கு என்றால் வழி. பெரும்பாலும் அது அந்த அறையின் கதவுதான். யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான், அங்கே நின்று ஜெபிக்கவில்லை.

ஐந்தாவது, ஒரு ஆள். ரெவிதீமில் அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது, உயர்த்திய மோசேயின் கை அசந்துபோனது. விசுவாசக் குறைவினாலா? கை கனத்தது, அவ்வளவுதான். அவன் உட்காரக் கல்லை வைத்து, ஆரோன் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் தாங்கினார்கள் (யாத்திராகமம் 17:12). நமக்கும் அப்படி ஒரு ஆளோடு முன்கூட்டியே பேசிவைத்த ஒரே வார்த்தை போதும், "ஜெபி" என்று ஒரு மெசேஜ். பதிலுக்கு அந்த ஆள் கேள்வி கேட்கக் கூடாது, உடனே ஜெபிக்க வேண்டும். மறுநாள் பேசலாம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், இருவரில் ஒருவராவது வயதில் மூத்தவர்.

ஆறாவது, விழுந்துவிட்டால். இங்கேதான் சொந்தப் பலம் மிக நன்றாக ஒளிந்துகொள்கிறது. மூன்று நாள் ஜெபிக்காமல் இருப்பது, ராப்போஜனத்துக்குப் போகாமல் ஒதுங்குவது, தண்டனையாக உபவாசம் போடுவது: இவையெல்லாம் தாழ்மை மாதிரித் தெரியும். உள்ளே "நான் கொஞ்சம் சரியான பிறகு வருகிறேன்" என்று இருக்கிறது. பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9 அந்த மணி நேரத்துக்கே உரியது. அந்த மணி நேரத்துக்குள் பெயர்சொல்லி அறிக்கையிட்டு, யாரிடமாவது தப்புப் பண்ணியிருந்தால் ஈடு செய்து, அன்றைய வேலைக்குத் திரும்ப வேண்டும்.

[10] சீயோன்_மதில்

அக்கா, நல்ல பதிவு. ஆனால் நேராகக் கேட்கிறேன். போனை ஹாலில் வைப்பது, தாளில் கட்டம் போடுவது, நண்பனுக்கு மெசேஜ். கடவுளே இல்லை என்கிறவனும் இதைச் செய்யலாமே. இதில் விசுவாசம் எங்கே இருக்கிறது?

[11] துணைக்கரம்

சரியான கேள்வி தம்பி, இது வராவிட்டால் பாடமே ஓட்டையாகிவிடும்.

வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எருசலேம் மதிலைக் கட்டினவர்கள் நெகேமியா 4:9-ல் ஜெபமும் பண்ணினார்கள், ஜாமக்காரரையும் வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவனுக்குத் தெரிந்தது ஜாமக்காரர் மட்டும்தான். எனவே மூன்று இடத்தில் சோதித்துப் பாருங்கள்.

வரிசை: கேட்டுவிட்டுத் திட்டம் போட்டோமா, திட்டம் போட்டுவிட்டு ஆசீர்வதியும் என்றோமா. எதிரிகள் திரண்டுவந்தபோது யோசபாத் ராஜா செய்ததில் வரிசை தெளிவு. "எங்களுக்குப் பெலனில்லை, நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை" என்று முதலில் ஒத்துக்கொண்டான் (2 நாளாகமம் 20:12), மறுநாள் அதிகாலையில் புறப்பட்டும் போனான், பாடகர்களை முன்னே நிறுத்தி.

தோல்வி: திட்டம் உடைந்தபோது எங்கே ஓடுகிறோம்? இன்னும் கெட்டியான திட்டத்துக்கா, கிருபாசனத்தண்டைக்கா?

வெற்றி: இதுதான் கூர்மையான சோதனை. 30 நாள் விழவில்லை என்று வையுங்கள். இன்னும் விழுந்துகொண்டிருக்கிற நண்பனைப் பற்றி எந்தத் தொனியில் பேசுகிறோம்? "அவனுக்கு மனசு இல்லை, நான் விடலையா?" என்று வந்தால் அந்த 30 நாளும் "என் கை என்னை ரட்சித்தது" என்ற கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. நாட்களை எண்ணுகிற செயலிகள் பலருக்கு உதவுகின்றன, ஆனால் எண் 45 ஆனதும் கண் கர்த்தரைவிட்டு எண்ணுக்குப் போகிறது. ஒருநாள் பூஜ்யமானால் மொத்தமும் போனது என்று ஒரு வாரம் வீழ்ந்தே கிடக்கிறார்கள். என் ஆலோசனை, எண்ணாதீர்கள்.

[12] மாலைத்தியானம்

அந்த மூன்று சோதனையும் இரண்டாம் வாரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மிகவும் நன்றி அக்கா.

[13] மாதா_கோவில்_தெரு

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒரு சிறு சேர்க்கை, அனுமதித்தால். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் கடும் தவத்தாலும் பாவம் பற்றிய ஓயாத உறுத்தலாலும் உடைந்துபோனவர். தன்னை வருத்தி அமைதியைச் சம்பாதிக்க முடியாது என்று அங்கே கண்டார். அவர் வகுத்த விதிகளில் இரண்டு இந்தப் பாடத்துக்கு உதவும்.

ஒன்று, வறட்சிக் காலத்தில் மாற்றம் செய்யாதே. செபம் கசந்து, கடவுள் தூரமாகத் தோன்றும் நாட்களில் முந்தைய நல்ல தீர்மானத்தை மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் கூடுதலாகக் கொஞ்சம் செபிக்கலாம், ஆனால் புது முடிவு வேண்டாம். வாலிபர்கள் சபையை விடுவது, நல்ல நட்பை முறிப்பது, அழைப்பைக் கைவிடுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

இரண்டு, எதிரி இரகசியத்தை விரும்புகிறான். ஒரு பெண்ணைத் தவறான வழிக்கு இழுப்பவன் "அப்பாவிடம் சொல்லாதே" என்பதைப் போல. தகுதியான ஒருவரிடம் சொன்ன கணமே அவன் பிடி தளர்கிறது. எங்களுக்கு ஒப்புரவு அருள்சாதனம் (குருவிடம் பாவ அறிக்கை) இருக்கிறது, உங்களுக்கு யாக்கோபு 5:16 இருக்கிறது. எதுவானாலும் வாயைத் திறக்க வேண்டும். தன் பலவீனத்தை இன்னொரு மனிதன் முன் சொல்வதைவிட, சொந்தப் பலத்தைக் கைவிடும் செயல் வேறில்லை.

[14] கிரேக்கப்பலகை

மாதா கோவில் தெரு ஐயா சொன்னதோடு எபேசியர் 6 நேராகப் பொருந்துகிறது. "நில்லுங்கள்", "தரித்துக்கொள்ளுங்கள்" எல்லாம் பன்மை. இன்றைய தமிழ்க் காதுக்கு அது ஒரு ஆளுக்குச் சொன்ன மரியாதையாகக் கேட்கிறது, அதனால் தனி வீரன் ஒருவன் கவசம் மாட்டி நிற்கிற படத்தை ஞாயிறு பள்ளிச் சுவரில் ஒட்டுகிறோம். பழைய மொழிபெயர்ப்பில் ஒருவருக்கு "நீ", பெரியவருக்கு "நீர்". "நீங்கள்" வந்தால் பலர்தான்.

விசுவாசம் என்னும் கேடகம் எது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பவுல் எழுதிய சொல் "துரேயோஸ்", கதவு என்ற சொல்லோடு உறவுடையது. ரோமச் சேவகனின் நீண்ட கேடகம். பொலிபியுஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் தரும் அளவு: அகலம் இரண்டரை அடி, உயரம் நாலு அடி. இரண்டு அடுக்குப் பலகையைப் பசையால் ஒட்டி, துணி போர்த்தி, மேலே கன்றுத்தோல், மேல் கீழ் விளிம்புக்கு இரும்பு, நடுவில் இரும்புக் குமிழ். சிரியாவின் துரா எயுரோப்பஸில் தோண்டியெடுத்த மூன்றாம் நூற்றாண்டுக் கேடகமும் மரப்பட்டிகளை அடுக்கி ஒட்டியதுதான், உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல்.

ஒரு எச்சரிக்கை. அக்கினியாஸ்திரங்களை அவிக்கக் கேடகத்தைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள் என்று பிரசங்கத்தில் அடிக்கடி வரும். பொலிபியுஸின் வர்ணனையில் அது இல்லை. பசையால் ஒட்டிய பலகையை ஊறவைத்தால் அடுக்கு பிரிந்துவிடும், மழைக்கே தோலுறை போட்டுக் காத்தார்கள். "வசனத்தில் ஊறு" என்று பிரயோகம் சொல்ல ஆசையாக இருக்கும், வேண்டாம். உறுதியாகத் தெரிந்ததே போதுமான அளவு பலமானது: அந்தக் கேடகம் பக்கத்தில் நிற்பவனுடைய கேடகத்தோடு சேர்ந்து சுவராகும்.

[15] வெள்ளை_உடுப்பு

செவிலியர் பணியில் உள்ளவள் என்ற முறையில் ஒரே விஷயம், தயவுசெய்து பாடத்தில் சேருங்கள். "மனுஷ பலத்தை நம்பாதே" என்பதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ச்சியாக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மனநல மாத்திரைகளையும் டாக்டர் சொல்கிற அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தினமும் அதிகமாகக் குடிக்கிறவரை "இன்றோடு விசுவாசத்தில் விட்டுவிடு" என்று ஒரு அறையில் அடைத்து ஜெபிக்காதீர்கள். நடுக்கம் சில மணி நேரத்திலேயே தொடங்கும், வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணிக்குள் வரும், இரண்டு மூன்று நாள் கழித்துப் பிதற்றல், காய்ச்சல், மாயக்காட்சி வரலாம். அந்தப் பிதற்றலைப் பிசாசு என்று எண்ணி இன்னும் இரண்டு நாள் ஓட்டுவது பெரும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் சேர்த்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள்.

உபவாசமும் அப்படியே. இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். கர்ப்பிணிகள், பாலூட்டுகிற தாய்மார்கள், உணவைப் பற்றி ஏற்கெனவே பயம் உள்ள பிள்ளைகள் இவர்களை வற்புறுத்த வேண்டாம். மற்றவர்கள் தண்ணீர் குடித்து, கஞ்சி மாதிரி லேசானதில் முடிக்கலாம்.

வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்தாயிற்று. அதன்பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார் (2 இராஜாக்கள் 20:7).

[16] விடியற்கால_ஜெபம்

சகோதரி எழுதியதை எங்கள் ஜெபக்குழுவில் பகிர்கிறேன். உபவாசத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன்: 21 நாள், 40 நாள் என்று எண்ணிக்கையைக் கர்த்தருக்கு விலையாக வைப்பதும் சொந்தப் பலம்தான். உபவாசம் பசியினால் நம் இயலாமையை நமக்குக் காட்டுவதற்கு. அவரைச் சம்மதிக்க வைப்பதற்கு என்று ஆகும்போது அது பேரமாகிவிடுகிறது.

[17] பாளை_வாசகர்

மாலைத்தியானம் அவர்களுக்கு, நான்காம் வாரத்தை வெற்றியோடு முடித்துவிடாதீர்கள். 8-ம் அதிகாரம் கசப்பானது, ஆனால் அதில்தான் பாடம் முதிர்கிறது.

8:4-ல் அந்த 300 பேர் விடாய்த்திருந்தும் பின்தொடர்ந்தார்கள். விசுவாசத்தினால் வென்றவர்களுக்கும் கால் வலிக்கும். அதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் களைப்பு வந்ததும் "எனக்கு விசுவாசம் இல்லை" என்பார்கள். பிறகு 8:26: கொள்ளையில் வந்த கடுக்கன்களின் பொன் 1,700 சேக்கல். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம் என்றால் ஏறத்தாழ 19 கிலோ. அதில் கிதியோன் ஒரு ஏபோத்தை (ஆசாரியர் அணியும் மேலாடை) உண்டாக்கித் தன் ஊரான ஒப்ராவில் வைத்தான். அது அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கண்ணியானது. 300 பேரோடு நின்றபோது வராத விழுகை, கை நிறையப் பொன் வந்தபோது வந்தது. கர்த்தர் செய்ததற்கு நினைவுச்சின்னம் வைக்கப்போய், அந்தச் சின்னத்தையே ஜனங்கள் பின்பற்றினார்கள்.

முதல் வாரத்துக்கு 6:14. ஆலைக்குச் சமீபமாய் ஒளிந்து கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்தவனிடம் "உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ" என்கிறார். எந்தப் பலம்? என் குடும்பம் எளியது, நான் எல்லாரிலும் சிறியவன் என்று அவனே அடுத்த வசனத்தில் சொல்கிறான். 16-ல் பதில்: "நான் உன்னோடே இருப்பேன்." இந்த மூன்று வசனத்தையும் பிள்ளைகளே மாறி மாறி வாசிக்கட்டும்.

இடையில் 7:10-ஐ விட்டுவிடாதீர்கள். "போகப் பயப்பட்டாயானால்" வேலைக்காரன் பூராவைக் கூட்டிக்கொண்டு போ என்று கர்த்தரே வழி சொல்கிறார். பயந்த 22,000 பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், பயந்த ஒருவன் மட்டும் தலைவனாக மீந்திருக்கிறான். இருட்டில் போய், எதிரியின் வாயிலிருந்தே கேட்கிறான்: ஒரு வாற்கோதுமை அப்பம் உருண்டுவந்து கூடாரத்தைக் கவிழ்த்தது. வாற்கோதுமை ஏழைகளின் தானியம். தன்னைப் பற்றிய அந்தச் சொப்பனத்தைக் கேட்டதும் அந்த இடத்திலேயே பணிந்துகொண்டான்.

[18] மாலைத்தியானம்

எல்லாருக்கும் நன்றி. வாரம் ஒன்று "பலப்படு", 6:14-16. இரண்டு, துணைக்கரம் அக்காவின் ஆறு காரியமும் மூன்று சோதனையும், கடைசி ஐந்து நிமிஷம் வெள்ளை உடுப்பு சகோதரியின் எச்சரிக்கை. மூன்று, 7-ம் அதிகாரமும் கேடகமும். நான்கு, ஏபோத்.

மூன்றாம் வாரத்தில் உண்மையான பானையும் தீவட்டியும் வைத்து உடைத்துக் காட்டலாம் என்று எண்ணம். 25 பேர் வருவார்கள், ஹால் சின்னது. ஆபத்தில்லாமல் எப்படிச் செய்வது?

[19] துணைக்கரம்

தீ வேண்டாம். ஒரு சின்ன மண்கலயம், உள்ளே எரிகிற டார்ச். விளக்கை அணைத்துவிட்டு, கலயத்தை மெல்லிய வெள்ளைத் துணிப்பைக்குள் வைத்துத் தட்டுங்கள். துணி வழியே வெளிச்சம் பரவும், ஓடு தெறிக்காது. முன்வரிசையை ஆறடி தள்ளி உட்கார வையுங்கள், செருப்பைக் கழற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் கலயத்தைவிட இதைச் செய்யுங்கள். மூன்று பேரை முன்னே கூப்பிட்டு இடதுகையில் டார்ச், வலதுகையில் விசில் கொடுங்கள். இரண்டும் கீழே வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பிறகு தரையில் ஒரு தடியைப் போட்டு, "அதை எடு" என்று சொல்லுங்கள். குனிவார்கள், ஒருவரையொருவர் பார்ப்பார்கள், எதைக் கீழே வைப்பது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி அவர்கள் வாயிலிருந்து வந்ததும் 7:20-ஐ வாசியுங்கள். விளக்கம் உடனே சொல்ல வேண்டாம், ஒரு நிமிஷம் அப்படியே நிற்கட்டும்.